அட்மிஷன் கிடைத்துவிட்டது

ரம்யா,

நீ ஓசூருக்குப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா என்று நீ கேட்கிறாய், சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன், ஹாஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று உன் அம்மா கேட்கிறாள். அத்தோடு போனை வைத்துவிடுகிறோம். இந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரைப் பற்றியும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. உன் அம்மா படப்பையில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் நான் மட்டும்தான். உன் லா காலேஜ் நோட்டு ஒன்றை எடுத்து, நீ எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து இதை எழுதுகிறேன். நிறையப் பக்கம் மீதி இருந்தது.

ஊரை விட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அப்பன்காரன் நாலு புத்தி சொல்லி அனுப்புவது வழக்கம். நீ பஸ் ஏறிய அன்று ஒரகடம் ஜங்ஷனில் நின்றுகொண்டு நான் சொன்னதெல்லாம், பையை மடியில் வைத்துக்கொள் என்பதுதான். இப்போது மீதியைச் சொல்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பிடாமல் படுக்காதே. கம்பெனி கொடுக்கும் ஷூ கடித்தால் பொறுத்துக்கொள்ளாதே, முதல் வாரத்திலேயே மாற்றிக் கேள், அப்புறம் கேட்டால் தரமாட்டார்கள். லைனில் பக்கத்தில் நிற்கிற பெண்ணோடு சண்டை போடாதே, பாத்ரூம் போக உன் இடத்தில் நிற்கப்போவது அவள்தான். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. இந்தக் கடைசியைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தக் கதை முழுக்க அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பதால் அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நீ ஒன்பதாவது படித்தபோது கம்பெனியில் என் மேல் என்கொயரி வைத்தார்கள். வெளியிலிருந்து வந்து இறங்கும் பார்ட்ஸை அளந்து பார்த்து உள்ளே விடுவது என் வேலை. ஒரு லாட்டில் துளை அளவு சரியில்லை என்று சிவப்பு அட்டை மாட்டி நிறுத்திவைத்தேன். சூப்பர்வைசர் வந்து, லைன் காலியாக நிற்கிறது, விடுய்யா என்றார். விட்டேன். அது லைனில் போய் மாட்டிக்கொண்டது, லைன் நின்றது, விசாரணை வந்தபோது சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. மூன்று நாள் ஒரு ஏசி ரூமில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். நான் தமிழில் சொன்னேன், ஓர் ஆள் அதை இங்கிலீஷில் டைப் அடித்தான், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். கடைசிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்று இருந்தது. 'அட்மிட்டட்'. ஆஸ்பத்திரியில் அட்மிட் பண்ணுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் போடுகிறார்கள், ஆக நான் சொன்ன விளக்கத்தைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டேன். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்ட கம்பெனி வக்கீலுக்கு நன்றி வேறு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை டிவி மேல் வைத்தேன். நீ ஸ்கூல் டிக்ஷனரியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வரியாகப் பென்சிலில் கோடு போட்டுப் படித்தாய். அப்போது நீயும் எங்களைப் போலத்தான் பேசுவாய். தலையைத் தூக்கி, "நைனா, தப்பு பண்ணத நீயே ஒத்துக்கினேன்னு இதுல எழுதிக்கீது" என்றாய். நான் சிரித்தேன். "அட்மிட்டட்னா சேத்துக்கினாங்கன்னு அர்த்தம், போய்ப் படி" என்றேன். நீ டிக்ஷனரியைத் திருப்பி என் மூக்குக்கு நேரே நீட்டினாய். அதில் இரண்டு அர்த்தம் போட்டிருந்தது. நான் படித்தது முதல் அர்த்தம், கையெழுத்துப் போட்டது இரண்டாவதற்கு. ஒரு வருஷம் என்னை ஸ்டோரில் பெட்டி எண்ண வைத்தார்கள். அந்த ஒரு வருஷமும் பெட்டியை எண்ணிக்கொண்டே நான் நினைத்தது ஒன்றுதான். பதினாலு வயசுப் பெண் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்ததை எனக்கு அந்த ரூமில் சொல்ல ஆள் இல்லை. என் பெண்ணை வக்கீலாக்க வேண்டும்.

உன்னைக் கேட்டேனா என்றால், கேட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். "வக்கீலுக்குப் படிக்கிறியா கண்ணு?" என்றேன், நீ தலையாட்டினாய். ஸ்டோருக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டு வரும் அப்பனிடம் எந்தப் பெண் மாட்டேன் என்று சொல்லுவாள். ஆனால் உனக்கும் அதில் ஆசை இருந்தது, அதை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். தெருவில் யாருக்காவது ஆபீசிலிருந்து தாள் வந்தால் உன்னிடம்தான் கொண்டுவருவார்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்கியது, பட்டாவில் சர்வே நம்பர் மாறியது, எல்லாவற்றையும் அந்தப் பென்சிலை வைத்துக்கொண்டு நீதான் படித்துச் சொல்வாய். ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் உனக்குச் சோறு இறங்காது. அந்தப் பெண்ணை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பன்னிரண்டாவது முடிந்ததும் ஐந்து வருஷ லாவுக்குப் போட்டோம். கிடைக்கவில்லை. டிகிரி முடித்துவிட்டு மூன்று வருஷ லாவுக்குப் போகலாம், அதற்கு டிகிரியில் வாங்கும் மார்க்தான் கணக்கு என்று கம்பெனி யூனியன் ஆபீசில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நானே யோசித்தேன். மார்க்தான் கணக்கு என்றால், மார்க் எங்கே கிடைக்கிறதோ அங்கே சேர்க்க வேண்டும். இதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் சட்டென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு டைரியை எடுத்துக்கொண்டு, லீவு போட்டு, ஐந்து காலேஜ் ஏறி இறங்கினேன். எந்தக் காலேஜிலும் என்ன சொல்லித்தருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் மார்க் எவ்வளவு, கடைசி மார்க் எவ்வளவு, எத்தனை பேர் ஃபெயில், இந்த மூன்று கேள்விதான். பார்ட்ஸ் வாங்கப்போகிற ஆள் போல நின்று கேட்டேன்.

பட்டணத்துக் காலேஜ் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும்தான். வரலாறு படிக்க உனக்கு அங்கே இடம் கொடுத்திருந்தார்கள், ஹாஸ்டலும் இருந்தது. அந்த டிபார்ட்மென்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, "இங்க எழுபது வாங்கறதே கஷ்டம் சார். ஆனா பொண்ணு படிச்சிட்டுப் போகும்" என்றார்கள். நான் அவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது நீ வெளியே வராந்தாவில் நின்று ஏதோ ஒரு கிளாசை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளேயிருந்த டீச்சர் உன்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார். நான் தேடிக்கொண்டு வந்தபோது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யாரோ ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாய். முகமே வேறாக இருந்தது. ரயிலில் திரும்பும்போது, "எனக்கு இந்தக் காலேஜ் புடிச்சிருக்குப்பா" என்றாய். நைனா அப்பாவாக மாறியிருந்த காலம் அது. நான், "அந்தம்மாவுக்கு இன்னா திமிரு பாத்தியா, எழுவதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது. எழுவத வச்சிக்கினு லா சீட்டு எவன் குடுப்பான்?" என்றேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரும் வரை நீ வேறெதுவும் பேசவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஹைவே காலேஜ் வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். வரிசையாகப் பிள்ளைகளின் போட்டோ, கீழே மார்க். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. ஆபீசில் கேட்டேன், எத்தனை பேர் ஃபெயில் என்று. "எங்க காலேஜ்ல ஃபெயிலே கெடையாது சார்" என்றான் அந்தப் பையன். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அங்கேயே அப்ளிகேஷன் வாங்கினேன்.

இப்போது நான் சொல்லப்போவதை நீ எப்போதாவது யோசித்திருப்பாய், என்னிடம் சொன்னதில்லை. என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பார்ட்ஸ் சப்ளை பண்ணுகிறவன் லாட்டோடு ஒரு ரிப்போர்ட் அனுப்புவான், இத்தனை பீஸ் அளந்தேன், இன்ன அளவு வந்தது என்று. அந்த ரிப்போர்ட்டில் சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தால் நம்பலாம். நிஜமாக அளந்தவனுக்கு ஒன்று கொஞ்சம் கூட வரும், ஒன்று கொஞ்சம் குறையும், ஒன்றிரண்டு தேறாது. எல்லா பீஸும் ஒரே அளவு, ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லை என்று ஒருவன் எழுதி அனுப்பினால், அவன் அளக்கிற கேஜைத் தொடவேயில்லை, உட்கார்ந்த இடத்தில் நிரப்பியிருக்கிறான் என்று அர்த்தம். அந்த லாட்டைத்தான் நான் முதலில் நிறுத்திவைப்பேன். புதிதாக வரும் ட்ரெய்னிகளுக்கு முதல் நாளே நான் சொல்லித்தருவது இதுதான், "எல்லாம் ஓகேன்னு எழுதிக்கினு வந்தா பெட்டியத் தொறடா" என்று. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன். அப்படிப்பட்டவன் அந்தக் காலேஜ் வாசலில் நின்று, தொண்ணூறு தொண்ணூற்றொன்று தொண்ணூறு என்று படித்துவிட்டு, உன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். இரும்புத் துண்டுக்குப் பார்த்த பார்வையை உனக்குப் பார்க்கவில்லை.

முதல் வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், நான் ஷிஃப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது நீ பக்கத்தில் வந்து நின்றாய். "அப்பா, அங்க யாரும் பாடமே நடத்தலப்பா" என்றாய்.

"மார்க் வருதா?"

"வருது. பத்து கேள்வி குடுத்துடறாங்க. அந்தப் பத்துதான் வருது. பதிலும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துடறாங்க."

"அப்புறம் இன்னா?"

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு நீ வந்து சொன்னதுதான், ரம்யா, எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். பட்டணத்து அம்மாவிடம் போய்க் காலில் விழுந்திருக்கலாம், அடுத்த வருஷம் சேர்த்திருக்கலாம், ஒரு வருஷம் போனால் போகிறது. எனக்கு அது தோன்றவேயில்லை. பாடம் நடத்தாமலே மார்க் வருகிறது என்றால் நல்லதுதானே, பிள்ளைக்குக் கஷ்டமில்லை என்று நினைத்தேன். உன் அம்மாவிடம் அதைப் பெருமையாக வேறு சொன்னேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் காலேஜைப் பற்றிப் பேசவில்லை. ரிசல்ட் வந்தால் போனில் காட்டுவாய், அவ்வளவுதான். தெருவில் யாராவது தாள் கொண்டுவந்தால்கூட, "நெட்ல போட்டுப் பாருங்க அண்ணா" என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தாய். பெண் வளர்ந்துவிட்டாள், வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். பத்துக் கேள்விக்கு மேல் பதினோராவது கேள்வி வந்தால் பயந்துபோகிற பெண்ணாக நீ மாறிக்கொண்டிருந்தாய் என்பது எனக்குப் புரியவில்லை.

என் கணக்கு பலித்தது, அதுதான் கொடுமை. மூன்று வருஷம் முடிந்தது, தொண்ணூற்றொன்று வந்தது, லா காலேஜ் லிஸ்டில் உன் பெயர் வந்தது. நீ போன் பண்ணியபோது நான் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் இருந்தேன். "அப்பா, அட்மிஷன் கெடச்சிடுச்சு" என்றாய். கையிலிருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் முழுக்க லட்டு கொடுத்தேன். டிரைவருக்கு இரண்டு. மறுநாளிலிருந்து பஸ்ஸில் எனக்குப் பெயரே வக்கீலப்பா என்றாகிவிட்டது. என்னை என்கொயரியில் மாட்டிவிட்ட அந்தச் சூப்பர்வைசர் கேன்டீனில் வந்து கை கொடுத்தார். அந்தக் கையைக் கொஞ்சம் அழுத்தியே பிடித்தேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த நாள் என்றால் அந்த ஒரு நாள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

லா காலேஜில் முதல் வருஷம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை, நானும் மார்க் வந்தால்தானே கேட்பேன். காலையில் உன்னை வண்டியில் ஸ்டேஷனில் விடுவேன், சாயங்காலம் ஷிஃப்ட் ஒத்துவந்தால் கூட்டிக்கொண்டு வருவேன். இரண்டாவது வருஷத்தில் அந்த வெள்ளிக்கிழமை, ரயில் வந்து போய் அரை மணி நேரம் ஆகியும் நீ வெளியே வரவில்லை. பிளாட்பாரத்துக்கு ஏறி வந்தேன். நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், வெள்ளைச் சுடிதார், மடியில் பை. வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒரகடம், ஒரகடம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாய். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குப் படிக்கத் தெரியலப்பா. மார்க் வாங்கத்தான் தெரியும்" என்றாய்.

ஒரு கேஸைக் கொடுத்து, இதில் என்ன பிரச்சினை, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிறார்கள், எழுந்து நின்றால் வாயே வரவில்லை என்றாய். பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்கிறார்கள், மூன்றாவது பக்கம் வரும்போது முதல் பக்கம் மறந்துவிடுகிறது என்றாய். உன்னைப் போலவே ஜெராக்ஸ் படித்து வந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள், அதில் ஒரு பையன் முட்டி மோதி மேலே வந்துவிட்டான், என்னால் முடியவில்லை என்று அதையும் மறைக்காமல் சொன்னாய். எல்லாப் பேப்பரும் அரியர். "தமிழ்ல எழுதக்கூடாதா?" என்று கேட்டேன். "எழுதலாம்ப்பா. எதுல எழுதினாலும் நானே யோசிச்சுத்தான எழுதணும்" என்றாய். அதற்குப் பிறகு இரண்டு ரயில் போயிற்று. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எனக்கே புடிக்கலம்மா, நான்தான் நின்னுட்டேன், அப்பாவைத் திட்டாத" என்று நீயே சொல்லி முடித்துவிட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நீ எனக்காகப் பேசியபோது வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ மக்கு என்று நீ நம்ப ஆரம்பித்துவிட்டாய். ஓசூர் வேலைக்கு ஃபார்ம் நிரப்பும்போது, "எனக்கு இதுதான்ப்பா வரும், ஸ்க்ரூ முடுக்கறதுக்கு யோசிக்க வேணாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை. ஸ்க்ரூ முடுக்குவது கேவலம் என்று நான் சொல்லமாட்டேன், நான் அந்தச் சோற்றைத்தான் இத்தனை வருஷம் சாப்பிடுகிறேன், உனக்கும் போட்டேன். ஆனால் பதினாலு வயசில் நீ தரையில் உட்கார்ந்து ஒரு வக்கீல் எழுதிய தாளை டிக்ஷனரியை மட்டும் வைத்துக்கொண்டு உடைத்தாய். அந்தப் பெண்ணுக்கு மூளை இருந்தது. அதற்கு மூன்று வருஷம் வேலையே கொடுக்காமல் உட்காரவைத்தது நான். இப்போது அவளை எங்கே போய்த் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய்ப் படி, அரியரை எழுது என்று சொல்லலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது. எந்தக் காலேஜ் நல்லது என்று இனி என்னைக் கேட்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது, நீ உள்பட.

இதோடு முடிந்திருந்தால் நான் வெறும் முட்டாள் என்பதோடு போயிருக்கும். முட்டாளாக இருப்பது தப்பில்லை, ஏதோ தெரியாமல் செய்தேன் என்று நீயும் மன்னித்துவிடுவாய். ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

நீ படிப்பை விட்டது பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. வக்கீலப்பா, பொண்ணு எப்படி கீது என்று கேட்டால், ரெண்டாவது வருஷம் என்பேன். ஓசூரில் இருக்கிறாள் என்பது கசிந்தபோது, அங்கே ஒரு சீனியர் வக்கீலிடம் ட்ரெய்னிங் போயிருக்கிறாள் என்று வாய் கூசாமல் சொன்னேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு பலராமனை உனக்குத் தெரியும், எங்கள் கம்பெனியிலேயே பெயின்ட் ஷாப்பில் இருக்கிறானே, உனக்கு லட்டுக்குப் பதிலாகப் பேனா வாங்கிக் கொடுத்தவன். அவன் பெண் நிவேதா இந்த வருஷம் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். அவளும் வக்கீலுக்குத்தான் போவேன் என்கிறாளாம், உன்னைப் பார்த்துத்தான். ஐந்து வருஷ லா கிடைக்கவில்லை. பட்டணத்தில் ஒரு காலேஜில் இடம் கொடுத்திருக்கிறார்கள், இந்த மாசக் கடைசி வரை வைத்திருப்பார்களாம். பலராமன் என்னைக் கேட்டான். "வக்கீலப்பா, உம் பொண்ணு எந்தக் காலேஜ்ல டிகிரி பண்ணிச்சு? அங்கதான மார்க்க அள்ளிப் போட்டாங்க?"

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் மேல் சத்தியம், உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும். அங்கே படித்தால் என்ன ஆகும், உன் பெண்ணுக்கு என்ன ஆனது. ஹைவே காலேஜ் பெயரைச் சொன்னேன். "கண்ண மூடிக்கினு சேருடா, என் பொண்ணு சேரல?" என்றேன்.

வியாழக்கிழமை அவன் நிவேதாவையே கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டான். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். ஒல்லியான பெண், நிறையப் பேசுகிறாள். பலராமன் மார்க்கைப் பற்றிக் கேட்டான், நான் சொன்னேன். அந்தப் பெண் மார்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அங்க லைப்ரரி நல்லா இருக்குமா அங்கிள்?" என்று கேட்டாள். மூன்று வருஷமும் அந்த ரூம் பூட்டியே கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது என்று நீ எப்போதோ சொல்லியிருக்கிறாய். உன் அம்மா காபி டம்ளரோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லா கீதும்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவளைச் சேர்த்துவிட்டார்கள். பஸ்ஸில் பலராமன் லட்டு கொடுத்தான். வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவனிடம் சொல்லிவிட மூன்று தடவை வாயெடுத்தேன். சனிக்கிழமை அவனே, "இன்னாவோ சொல்ல வந்தியே, இன்னா?" என்று கேட்டான். மழை வரும் போல கீது என்றேன். அந்த என்கொயரி ரூமிலாவது, தெரியாத பாஷையில் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். இதை எனக்குத் தெரிந்த தமிழில், என் வீட்டில், என் வாயால் சொன்னேன்.

நிவேதாவிடம் உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அக்காவிடம் எல்லாம் கேட்டுக்கொள் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு என்று சொல்லியிருக்கிறேன், அன்று கூப்பிடுவாள். மாசக் கடைசிக்கு அதற்கப்புறமும் ஒன்பது நாள் இருக்கும், டி.சி.யைத் திருப்பி வாங்கிப் பட்டணத்தில் சேர அது போதும். எனக்கு உன்னைத் தெரியும். நீ என்னை விட்டுக்கொடுக்க மாட்டாய். அம்மாவிடம் சொன்ன மாதிரி, எனக்கே பிடிக்கவில்லை, நான்தான் விட்டேன், உனக்கு ஒன்றும் ஆகாது என்று அவளிடமும் சொல்லிவிடுவாய். அதற்குப் பயந்துதான் இதை எழுதுகிறேன். எனக்காக நீ பேசியது போதும். "எங்கப்பா பொய் சொல்லிட்டாரு, அங்க படிக்காத" என்று அவளிடம் சொல். பஸ்ஸில் நான் இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்பா